டே கெயருக்குப் போகும் முதல் குளிர்காலம்: ஓயாத தடிமனும் காய்ச்சலும் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதிய நீண்ட மடலின் சாரத்தை முதலில் குறித்துவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்கும் இந்தப் பதில் விளங்க வேண்டும். ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் கணவர், மூன்றரை வயது மகள், 17 மாத மகன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் மாமி ஆகியோருடன் இருக்கிறீர்கள். மகப்பேற்று விடுப்பு முடிந்து செப்ரெம்பரில் வேலைக்குத் திரும்பியபோது பிள்ளைகள் இருவரையும் ஒரே டே கெயரில் சேர்த்தீர்கள். ஒக்ரோபர் தொடக்கம் பெப்ரவரி முடியும் வரை வீட்டில் காய்ச்சலோ தடிமனோ வாந்தியோ இல்லாத கிழமை அரிது. மகனுக்கு மூன்று தடவை காதில் தொற்று வந்தது. ஒரு தடவை முட்டு இழுத்து அவசர சிகிச்சைப் பிரிவில் விடியும் வரை இருந்தீர்கள். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா, டே கெயரை விட்டு நிறுத்த வேண்டுமா, எதிர்ப்புச் சக்திக்கென்று விற்கும் மருந்து ஏதும் கொடுக்கலாமா, குளிருக்குள் கொண்டு திரிவதுதான் காரணம் என்று மாமி சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரொறன்ரோவில் 20 ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மகனை நேரில் பார்த்த வைத்தியரின் சொல்லுக்கு மேலாக என் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்ட நான்கில் மூன்றுக்குப் பிள்ளையைப் பார்க்காமலே பதில் சொல்லலாம்; முதலாவது கேள்விக்கும் பாதிப் பதில் உங்கள் மடலுக்குள்ளேயே இருக்கிறது.

மடலோடு நீங்கள் அனுப்பிய படங்களைத்தான் சொல்கிறேன். பலசரக்குக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் தமிழ் நாள்காட்டியின் ஐந்து மாதத் தாள்கள். நல்ல நேரமும் இராகு காலமும் அச்சிட்ட கட்டங்களுக்குள், மகனுக்கு வருத்தமாக இருந்த நாள்களில் எல்லாம் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். 151 நாள்களில் 83 புள்ளிகள், ஒன்பது வருத்தங்கள். ஒரு தாய்க்கு இது பயங்கரமாகத் தெரியும் என்பதில் ஐயமில்லை. எனக்கோ இது டே கெயரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் வழமையான குளிர்காலக் கணக்காகவே தெரிந்தது.

கணக்கைச் சொல்கிறேன். சிறு பிள்ளை ஒன்றுக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டுத் தடவை தடிமன் வருவது சாதாரணம். டே கெயரின் முதல் ஆண்டில் அது பத்தையும் தாண்டும். ஒவ்வொரு தடிமனும் ஏழு முதல் பத்து நாள் நிற்கும். மூக்கு ஓய்ந்த பிறகும் இருமல் இரண்டு மூன்று கிழமை இழுபடும். இவை பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. பெரும்பாலானவை ஒக்ரோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வந்து குவிகின்றன. எட்டுத் தடிமனை ஒவ்வொன்றுக்கும் பத்து நாளாகப் பெருக்கினால் 80 நாள். உங்கள் புள்ளிகள் 83. தடிமனைக் கொண்டுவரும் ரைனோவைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒன்றுக்கு எதிராக உடல் பழகியதும் அடுத்தது புதிதாகவே வந்து சேரும். அந்தக் குடும்பத்துக்கு வெளியே, சிறு பிள்ளைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்எஸ்வி, இன்புளுவென்சா, பாராஇன்புளுவென்சா, அடினோவைரஸ், மனிதருக்கு நெடுநாளாகத் தடிமன் தந்துவரும் நான்கு கொரோனா வைரஸ் வகைகள் எனப் பட்டியல் நீளும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சோல்ட் லேக் சிட்டியில் 26 வீடுகளைச் சேர்ந்த 108 பேரின் மூக்கிலிருந்து ஒரு முழு ஆண்டும் கிழமைக்கொரு முறை மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. பிள்ளைகள் இல்லாத வீடுகளில் ஆண்டில் மூன்று நான்கு கிழமைகள் மட்டுமே வைரஸ் இருந்தது. ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் அது 18 கிழமையாக ஏறியது. ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் 45 கிழமை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூக்கில் ஆண்டின் ஏறத்தாழப் பாதிக் கிழமைகளில் ஏதாவது ஒரு வைரஸ் இருந்தது, பல வேளைகளில் எந்த வருத்தமும் காட்டாமலே. ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளை சுகமாக ஓடித் திரிகிறது, என்னுடையது மட்டும் படுக்கிறது என்று மனம் நோக வேண்டாம். அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் இதே கதைதான். அவர்கள் புள்ளி வைப்பதில்லை, அவ்வளவே.

எதிர்ப்புச் சக்தி குறைவா என்று பார்ப்பதற்குப் புள்ளி வைத்த நாள்களைவிடப் புள்ளி இல்லாத நாள்கள்தான் உதவும். அந்த 68 நாள்களிலும் பிள்ளை எப்படி இருந்தான்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சுகமானதும் சோபாவில் ஏறிக் குதிக்கிறான், அக்காவின் தட்டிலிருந்து பறித்துச் சாப்பிடுகிறான், ஒக்ரோபரில் போட்ட சப்பாத்து இப்போது காலுக்குச் சிறிதாகிவிட்டது. இடையில் இப்படித் தேறி, வளர்ச்சிக் கோட்டில் கீழே இறங்காமல் வளரும் பிள்ளைக்கு உடலின் பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதே பொருள். காய்ச்சலும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். உண்மையாகவே எதிர்ப்புக் குறைபாட்டைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் வேறு வகையானவை. ஓராண்டுக்குள் இரண்டு தடவை நியூமோனியா, மாதக்கணக்கில் அன்ரிபயோற்றிக் கொடுத்தும் அடங்காத தொற்று, நரம்பு வழியாக மருந்து ஏற்றினால்தான் மாறும் தொற்று, தோலின் ஆழத்தில் திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் விடாமல் படரும் வெண்படலம், எடை ஏறாமை, நெருங்கிய உறவினர் ஒருவருக்கு இத்தகைய பிறவிக் குறைபாடு இருந்தமை என்பன அவை. ஓராண்டில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புதிய காதுத் தொற்றும் அந்த வரிசையில் சேரும். உங்கள் மகன் மூன்றில் நிற்கிறான். ஆகவே காதை நான் இலேசாக விட்டுவிடப் போவதில்லை.

சிறு பிள்ளையின் நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் பெரியவர்களுடையதைவிடக் கட்டையானது. சரிவு குறைந்து ஏறக்குறையப் படுக்கையாகக் கிடப்பது. தடிமன் வந்து அது வீங்கி அடைபட்டால் நீர் வடிய வழியில்லாமல் உள்ளே தேங்கி, அதில் கிருமி பெருகுகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நோவும் காய்ச்சலும் கடுமையாக இல்லாவிட்டால், நோவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது கனடாவின் குழந்தை மருத்துவர்களுடைய வழிகாட்டல். இரண்டாவது தடவை உங்கள் வைத்தியர் உடனே மருந்து எழுதாமல் அனுப்பியது இதனால்தான். அது அலட்சியம் அல்ல. ஆனால் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை வந்துவிட்டதென்றால், நடுக்காதில் நீர் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கவும், காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்புவது பற்றிக் கேட்கவும் உங்களுக்கு நியாயம் உண்டு. நீர் மூன்று மாதத்துக்கு மேல் தேங்கி நின்றால் கேட்கும் திறன் மங்கும். பேச்சு விளையும் வயது இது. மகன் இன்னும் ஐந்தாறு சொல்தான் சொல்கிறான் என்பதை நீங்கள் மடலில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். இரவில் படுக்க வைத்தபடி பால் போத்தல் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அதுவும் காதுத் தொற்றுக்கு வழி விடும்.

போத்தலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. சாப்பாடு இறங்காத நாள்களில் "பாலாவது குடிக்கட்டும்" என்று மாமி நாளுக்கு எட்டு அவுன்ஸ் போத்தல் நான்கு கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது 900 மில்லிலீற்றரைத் தாண்டும். இந்த வயதில் 500 முதல் 750 மில்லிலீற்றருக்குள் பால் நிற்க வேண்டும். பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை நிரப்பிவிடுவதால் இரும்பு உள்ள உணவும் உள்ளே போகாது. வெளிறிய கண்ணிமையோடு, சோர்ந்து, பசியில்லாமல் வரும் நம்மவர் பிள்ளைகளில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெற்றோர் எதிர்ப்புச் சக்தி மருந்து தேடி அலைந்துகொண்டிருப்பார்கள், பிள்ளைக்கோ தேவைப்பட்டது இரும்பு. ஒரு சிறு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், கேளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றைச் சோற்றோடு மசித்துக் கொடுங்கள். கூடவே தோடம்பழச் சுளை ஒன்று கொடுத்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

எதிர்ப்புச் சக்தி வளர்க்கும் என்று மருந்தகத் தட்டுகளில் அடுக்கியிருக்கும் இனிப்பு மாத்திரைகளும் பாணிகளும் ஒன்பது தடிமனை எட்டாகக் குறைக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. விதிவிலக்கு வைற்றமின் டி. ரொறன்ரோவின் குளிர்கால வெயில் தோலில் அதை உண்டாக்கப் போதாது. நம்முடைய நிறத்துக்கு இன்னும் போதாது. பாலைக் குறைக்கும்போது, பாலில் சேர்க்கப்பட்டிருந்த வைற்றமின் டியும் குறையும் என்பதால், துளி மருந்தாக எவ்வளவு கொடுக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடிமனுக்காக அல்ல, எலும்புக்காக.

மாமியின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். குளிர் தானாகத் தடிமனை உண்டாக்குவதில்லை. வைரஸ் இல்லாத இடத்தில் எவ்வளவு குளிரில் நின்றாலும் தடிமன் வராது. ஆனால் அவர் முற்றிலும் பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். குளிர் வந்ததும் சாளரங்களை அடைத்துவிட்டு, ஒரே அறையில் பதினைந்து இருபது பேராக ஒருவர் விட்ட காற்றையே மற்றவர் இழுக்கிறோம். சூடாக்கியில் காய்ந்த காற்று மூக்கின் உட்படலத்தை உலர்த்தி அதன் காவலைத் தளர்த்துகிறது. வறண்ட காற்றில் இன்புளுவென்சா வைரஸ் கூடுதல் நேரம் தாக்குப் பிடிக்கிறது. அதாவது, பிள்ளைக்கு வருத்தம் வருவது வெளியே கொண்டு போவதால் அல்ல, உள்ளே அடைத்து வைப்பதால். நன்றாக உடுத்தி, தொப்பியும் கையுறையும் போட்டு, நாளுக்கு அரை மணி நேரம் வெளியே விளையாட விடுவதை மாமியிடம் இப்படி விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஈரத்தலையோடு போனால் பிள்ளைக்குக் குளிரும் என்று அவர் சொல்வது எப்படியும் சரிதானே.

டே கெயரை நிறுத்துவது பற்றி. அமெரிக்காவின் டூசான் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வெளிவந்தது. பெரிய டே கெயருக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில், வீட்டில் வளர்ந்தவர்களைவிடக் கூடுதலாகத் தடிமன் வந்தது. பள்ளிக்குப் போன ஆறு முதல் பதினொரு வயது வரையிலான காலத்தில் அவர்களுக்கே குறைவாக வந்தது. பதின்மூன்று வயதில் வித்தியாசம் மறைந்துவிட்டது. இப்போது கட்டாவிட்டால் முதலாம் வகுப்பில் கட்ட வேண்டிய கடன் இது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தவனாகவோ, இதயத்திலோ நுரையீரலிலோ நாட்பட்ட நோய் உள்ளவனாகவோ இருந்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். அவன் அப்படியல்ல. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாலும், மகள் டே கெயருக்குப் போகும் வரை அவள் வழியாகப் பாதி வருத்தமாவது வந்தே தீரும்.

இனி, வருத்தம் வந்த இரவைப் பற்றி. அவசர சிகிச்சைப் பிரிவில் நான் கண்ட தொல்லைகளில் ஒரு பங்கு நோயால் வந்ததல்ல, மருந்தால் வந்தது. உங்கள் மகனின் எடை 10 கிலோ. பரசிற்றமோல் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதால் அவனுக்கு 100 முதல் 150 மில்லிகிராம். நான்கு மணி நேரத்துக்கு முன்னர் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு நாளில் ஐந்து தடவைக்கு மேல் போகக் கூடாது. இப்போது போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். கனடாவில் கைக்குழந்தைகளுக்கான ரைலனோல் என்ற பரசிற்றமோல் துளி மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம் இருக்கிறது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான பாணியில் 5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம். ஊரிலிருந்து பெட்டியில் வந்த பாணியில் பெரும்பாலும் 5 மில்லிலீற்றருக்கு 120. தமிழ்நாட்டுப் போத்தல் என்றால் 250 ஆகவும் இருக்கலாம். "ஒரு தேக்கரண்டி கொடு" என்று ஊர்ப் பழக்கத்தில் சொல்லி, அந்தத் துளி மருந்தில் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் 400 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது உங்கள் மகனின் உச்ச அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆகவே வீட்டில் ஒரே ஒரு வகைப் போத்தல் மட்டும் இருக்கட்டும். அதனோடு வந்த ஊசிக்குழலால் மட்டும் அளவுங்கள். கொடுத்த நேரத்தையும் கொடுத்தவரின் பெயரையும் அந்த நாள்காட்டியிலேயே எழுதுங்கள். நீங்கள் கொடுத்ததை அறியாமல் மாமியும் கொடுப்பது அதிகாலை மூன்று மணிக்கு மிக எளிதாக நடக்கும். அட்வில் போன்ற ஐபுப்ரோஃபெனை ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கலாம். வாந்தி எடுத்து உடல் வற்றியிருக்கும்போது தவிர்த்துவிடுங்கள். 2022 இலையுதிர்காலத்தில் ஆர்எஸ்வியும் இன்புளுவென்சாவும் கோவிட்டும் ஒன்றாக வந்து, இந்த இரண்டு மருந்துகளும் கனடா முழுவதும் கடைத்தட்டுகளில் இல்லாமல் போனதை நினைத்துப் பலர் இன்றும் அரைப்பெட்டி நிறைய வாங்கிச் சேர்க்கிறார்கள். ஒரு போத்தல் போதும். காலாவதித் திகதியைப் பாருங்கள்.

காய்ச்சலின் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். 39.5 காட்டும்போதும் மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் சிரித்து விளையாடும் பிள்ளையைவிட, 38.2இல் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் துவண்டு கிடக்கும் பிள்ளைதான் என்னைக் கவலைப்படுத்துவான். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 ஆனாலே உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லை. ஐந்து நாளாக விடாத காய்ச்சலையும், ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத் திரும்பவும் ஏறும் காய்ச்சலையும் வைத்தியர் பார்க்க வேண்டும். காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடியது அது. கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும் வாய்க்குள் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 911.

மூச்சைப் பார்க்கத் தெரிந்துகொள்வது இந்தப் பதிலில் நான் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பாடம். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது மேலாடையை மெல்ல உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சிறு பிள்ளையின் மூச்சு சீரானதல்ல. ஒரு வயதுக்கு மேல் 40ஐத் தாண்டினால் அது வேகமான மூச்சு. அதோடு விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறானா, உதடு நீலம் பாரிக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நவம்பரில் நீங்கள் புறப்பட்டுப் போனது சரியான முடிவு. முட்டு இல்லாமல் நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று ஓசை வந்தால் அது வேறு. தொண்டைக் குழல் வீங்குவதால் வருவது. போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்து பத்து நிமிடம் குளிர்காற்றில் நின்றால் பல பிள்ளைகளுக்குத் தணியும். அமைதியாக இருக்கும்போதும் அந்த ஓசை கேட்டால் மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே வாயால் கொடுக்கும் ஒரு வேளை மருந்தே பெரும்பாலும் போதுமானது. போவதா வேண்டாமா என்று தெரியாத இரவில் 811ஐ அழைத்தால் ஒன்ராறியோவில் தாதி ஒருவர் எந்நேரமும் பேசுவார்.

வீட்டு வைத்தியத்தை நான் பழிப்பவள் அல்ல. ஆறிய மல்லித் தண்ணீரில் தேன் கலந்து ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொடுப்பதில் எந்தத் தீங்கும் இல்லை; இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டித் தேன், கடையில் விற்கும் இருமல் பாணியைவிட மேல். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது; அதிலுள்ள நுண்ணுயிரின் வித்து, பால்குடிக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஆனால் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் உருக்கி நெஞ்சில் பூசுவதை மாமியிடம் கெஞ்சியாவது நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்ச் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. சாமித்தட்டில் இருக்கும் வில்லை ஒன்றை வாயில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள். விக்ஸ் போன்ற பூச்சுகளின் உறையிலேயே இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அல்ல என்று போட்டிருப்பதும் இதனால்தான். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதையும் விட்டுவிடுங்கள். 1968இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் எண்ணெய் விடுவது, சுடுநீர்ச் சட்டியின் முன் பிள்ளையை மடியில் வைத்து வேது பிடிப்பது ஆகிய இரண்டாலும் வந்த பிள்ளைகளை நான் கட்டிலில் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகையினர் தீக்காயத்தோடு வந்தவர்கள். சாம்பிராணிப் புகை முட்டு உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயை மேலும் இறுக்கும். தொடர்மாடியில் புகை மணி அலறுவது தனிக்கதை.

மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளியும் உறிஞ்சு கருவியும், சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கைக்கு முன்னும் போதும். தடிமனுக்கும் இருமலுக்கும் வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகளை ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2008இல் முடிவெடுத்தது. ஊரிலிருந்து வருபவர்களிடம் இருமல் பாணி சொல்லி அனுப்பும் பழக்கத்தை இதையொட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்ததும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததும் பாணியில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைகோல் என்ற நச்சுக் கரைப்பானோடு தொடர்புபட்டவை. இரண்டாவது பாணி காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. மாறத்தான் போகிற ஓர் இருமலுக்காக இந்த ஆபத்து எதற்கு?

பச்சையாகச் சளி வந்தால் அன்ரிபயோற்றிக் வேண்டும் என்று டே கெயரில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பச்சை, கிருமியோடு போராடிய வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு பொருளின் நிறம். வைரஸ் தடிமனில் நான்காம் ஐந்தாம் நாளில் வருவது. அதற்கு மருந்தில்லை, தேவையுமில்லை. காய்ச்சலும் வாந்தியும் நின்று எவ்வளவு நேரத்துக்குப் பிறகு டே கெயருக்குத் திரும்பலாம் என்ற விதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணியாளருக்குப் பணியாளர் மாறும் வாய்ச்சொல்லை நம்பி ஒரு நாள் வேலையை இழக்க வேண்டாம்.

ஜனவரியில் வீட்டில் நான்கு பேரை வரிசையாகச் சரித்த வாந்தி அநேகமாக நொரோவைரஸாக இருக்கும். கைக்குப் பூசும் சானிடைசர் அதை நன்றாகக் கொல்லாது. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான். வாந்தி பட்ட தரையைத் தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைக்க வேண்டும், துடைப்பவர் கையுறை போட்டு. ஊரில் ஜீவனி என்று கொடுத்த உப்புச் சீனிக் கரைசலைத்தான் இங்கே பீடியலைட் என்று விற்கிறார்கள். வாந்தி எடுத்து அரை மணி நேரம் விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். தாகத்தில் அழுகிறான் என்று போத்தலோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ கொண்டு போங்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னர் செய்யக்கூடியவற்றில் பெரியது இன்புளுவென்சா ஊசி. மகனுக்கு இந்த முறை ஒன்று போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முதலாகப் போடும் பருவத்தில் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு போட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை போலும். நீங்களும் கணவரும் மகளும் மாமியும் சேர்ந்து ஒக்ரோபரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இன்புளுவென்சா கடுமையாகத் தாக்கக்கூடியவர்கள் மகனும் மாமியும்தான். மற்றபடி, டே கெயரிலிருந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு அடுத்த வேலையாகக் கை கழுவி உடுப்பு மாற்றுவதும், பிள்ளை மிச்சம் வைத்ததைப் பெற்றோர் சாப்பிடாமல் இருப்பதும், படுக்கையறைக் காற்றின் ஈரத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைப்பதும் ஓரளவு உதவும். ஈரமாக்கியை நாளும் கழுவாவிட்டால் பூஞ்சணத்தைத்தான் விசிறும்.

வேலை பற்றி ஒரு வார்த்தை. ஒன்ராறியோவின் வேலைத் தராதரச் சட்டத்தின்படி, உங்களுக்கு மூன்று நாள் சுகவீன விடுப்பும், அதற்குப் புறம்பாகக் குடும்பப் பொறுப்பு விடுப்பு மூன்று நாளும் ஆண்டுக்கு உண்டு; இரண்டும் சம்பளமில்லாதவை. கணவருக்கும் தனியாக அவ்வளவு உண்டு. பிள்ளையின் வருத்தத்துக்கு இரண்டாவதைக் கேட்கலாம். அந்தச் சட்டத்தின்படி எடுக்கும் சுகவீன விடுப்புக்கு வைத்தியர் சீட்டுக் கேட்க 2024 ஒக்ரோபர் 28 முதல் முதலாளிக்கு உரிமையில்லை. ஐந்து மாதமும் விடுப்பெடுத்தது நீங்கள் மட்டுமே என்று மடலில் ஒரு வரி இருந்தது. ஒரு நாளை முற்பகல், பிற்பகல் என்று பிரித்துக் கணவரும் பாதி எடுக்க வேண்டும். இரவுக் காவலையும் அப்படியே ஒரு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்காதவர் மருந்தின் அளவைச் சரியாகப் பார்க்க மாட்டார்.

மார்ச்சில் மகனுக்கு 18 மாதம் ஆகிறது. அந்த வயதுப் பரிசோதனை ஒன்ராறியோவில் சற்று நீண்டது; பேச்சு, நடை, விளையாட்டு எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார்கள். ஐந்து நாள்காட்டித் தாள்களையும் கையோடு கொண்டு போங்கள். காதில் நீர் நிற்கிறதா, கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டுமா, இரும்பு எவ்வளவு இருக்கிறது, எடைக் கோடு எப்படிப் போகிறது என்ற நான்கையும் கேளுங்கள். 15 மாதத்தில் போட வேண்டிய கொப்புளிப்பான் ஊசியைத் தடிமன் என்று இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். சாதாரணத் தடிமன் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல, தடிமன் இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் மே மாதம் வந்துவிடும். அன்றைக்கு அவனுக்கு மூக்கு ஒழுகினாலும் கொண்டு போய், தள்ளிப்போன ஊசி, 18 மாத ஊசி ஆகிய இரண்டையும் போட்டுவிட்டு வாருங்கள்.